மேல்வீட்டு ரப்பர் செடி

இடது உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்து, வலது கையில் ஈரத்துணியோடு காம்பிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு இலையைத் திருப்பி அடிப்பக்கம். அங்கே நடு நரம்பு சிவப்பாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன் இரண்டு ஓரத்திலும் துணியை விரல் நுனியால் அழுத்தி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூசி அங்கேயே பதுங்கிக்கொள்ளும். ஒரு இலை முடிந்ததும் துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவருவாள். நாலைந்து இலைக்கு ஒரு தரம் குவளைத் தண்ணீரில் அலசல். மூன்றாவது அலசலில் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். அப்போது ஒரு பெருமூச்சு விடுவாள். அதில் அலுப்பும் இருக்கும், 'அப்பாடா, இன்னும் பாக்கி இருக்கு' என்கிற நிம்மதியும் இருக்கும்.

செடி ஆள் உயரத்தைத் தாண்டி, கூரையைத் தொட்டு, அதற்குமேல் போக வழியில்லாமல் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. ரப்பர் செடி. ஒவ்வொரு இலையும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். மேல் இலைகளுக்கு ஸ்டூல், அடி இலைகளுக்கு முட்டி. கட்டடத்தில் அவளுக்குச் 'செடியக்கா' என்று பேர் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

செடி இருந்தது நாலாவது மாடியில். அவள் வீடு முதல் மாடியில். இடையில் ஐம்பத்து நாலு படி. லிஃப்ட் கிடையாது. அவள் கணவனோ லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள அத்தனை பேரையும் மேலே ஏற்றி இறக்கிவிட்டுத் தன் வீட்டுக்கு மூச்சு வாங்க நடந்து வருகிறவன் என்று கட்டடமே அவனைக் கிண்டல் செய்யும். அவனும் சிரித்துக்கொண்டே ஏறுவான், கைப்பிடியைப் பிடித்தபடி.

அவளுக்குத் தையல். மெத்தைக்கடை ஒன்றிலிருந்து வெட்டிய துணி மூட்டையாக வரும். தலையணை உறையாகத் திரும்பிப் போகும். நேர்த்தையல், நாலு மூலை, ஒரு பக்கம் மடிப்பு. யோசிக்க எதுவும் இல்லாத வேலை. மெஷின் இருப்பது கூடத்தில், டீவிக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவில். இரண்டு அறை வீட்டில் எங்கிருந்து எங்கே போனாலும் அவள் முதுகை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். போகிறவர்கள் சும்மா போவதில்லை.

"அம்மா, என் ஜியாமெட்ரி பாக்ஸ் எங்க?" இது பத்தாவது படிக்கிற மூத்தவள்.

"ஏம்மா, கொஞ்சம் வெந்நி." இது மாமனார். நெஞ்சுச் சளிக்காரர். வெந்நீர் குடித்தே எண்பதை எட்டிப் பிடித்தவர்.

"அண்ணி, என் சார்ஜரப் பாத்தீங்களா?" செல்ஃபோன் கடையில் வேலை செய்கிற நாத்தனாருக்கு வீட்டில் ஒருநாளும் சார்ஜர் அகப்பட்டதில்லை.

சின்னவளுக்கு ஏழு வயது. அவள் கேள்வியே கேட்பதில்லை. "அம்மா" என்பாள். "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்ல, இருக்கியான்னு பாத்தேன்" என்பாள்.

எல்லாரும் நல்லவர்கள். அதுதான் சங்கடம். குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை, சாப்பாட்டில் குறை சொல்கிறவர்கூட இல்லை. கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று கேட்பார்கள். கேட்டதற்குக் குழாயை மூடிவிட்டுப் பதில் சொல்வாள். மொட்டைமாடிக்குப் போகலாம் என்றால் அங்கே எந்நேரமும் யாராவது துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். துணி காயப்போடுகிற பெண்ணுக்குப் பேச்சுத்துணை இல்லாவிட்டால் எப்படி?

மேல்வீட்டுத் தம்பி தனிக்கட்டை. வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது சாவியை இவளிடம் கொடுத்தான். "மூணு மாசந்தான்க்கா. ஏதாவது லெட்டர் வந்தா உள்ள போட்டுருங்க. வாரத்துக்கு ஒருவாட்டி அந்தச் செடிக்கு ஒரு சொம்பு தண்ணி." அவன் சொன்னது அவ்வளவுதான். துடைக்கச் சொல்லவே இல்லை. துடைப்பதை அவளாகத்தான் சேர்த்துக்கொண்டாள்.

எதிரே ஒரு பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டாம் வாரம் தண்ணீர் ஊற்றப் போனபோது இலையெல்லாம் சாம்பல் பூசினாற்போல இருந்தது. போகிறபோக்கில் புடவை முந்தானையால் ஒரு இலையைத் துடைத்தாள். கறுப்பும் பச்சையுமாக ஒரு பளபளப்பு கிளம்பியது. அதைத் துடைத்துவிட்டுப் பக்கத்து இலையை விட மனசு வரவில்லை. எல்லாம் முடித்து நிமிர்ந்தபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கீழே இறங்கும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில்தான் அது உறைத்தது. அப்படியே ஒரு நிமிடம் நின்றாள். காது வலி விட்ட மாதிரி இருந்தது.

அதன்பிறகு புதன், சனி என்று வைத்துக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணி. பனியன் துணி இரண்டு, பிளாஸ்டிக் குவளை ஒன்று. "செடி தொடைக்கப் போறேன்" என்று கூடத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொல்வாள். ஐம்பத்து நாலு படி ஏறி வந்து ஜியாமெட்ரி பாக்ஸ் கேட்க யாருக்கும் கால் வராது. ஃபோனை மெஷின்மேல் வைத்துவிட்டுப் போவாள். "மறந்துட்டேன்" என்பாள். தம்பியின் மூன்று மாதம் இரண்டு வருடமாக நீண்டது; அவளும் மறந்துகொண்டே இருக்கிறாள்.

"அந்தச் செடிக்கு இருக்கற அதிர்ஷ்டம் எனக்கில்ல" என்பாள் நாத்தனார். "அண்ணி, எண்ண கொஞ்சம் தடவுங்களேன், சும்மா பளபளன்னு இருக்கும்."

"எண்ண தடவுனா தூசி ஒட்டும். அதுக்கு மூச்சு முட்டும்" என்பாள் செடியக்கா. அவள் இவ்வளவு நீளமாகப் பேசுவது செடி விஷயத்தில் மட்டும்தான். தண்டு நுனியில் சிவப்பு உறைக்குள் சுருண்டிருக்கிற புது இலையைத் துடைக்கக் கூடாது, கிழிந்துவிடும்; இலை ஒடிந்தால் பால் வடியும், அது துணியில் பட்டால் கறை போகாது. தானே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஆனால் அந்த வீட்டில் அவள் செய்ததெல்லாம் துடைப்பதுதான் என்று சொல்லிவிட முடியாது. முதல் இரண்டு மாதம் துடைத்துவிட்டு இறங்கிவிட்டாள். மூன்றாவது மாதம் துடைத்து முடித்ததும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி இருந்தது, கட்டில் இருந்தது. அதையெல்லாம் தொடமாட்டாள், அது அந்தத் தம்பியுடையது. தரை யாருடையதும் இல்லை என்று அவளுக்கு ஒரு கணக்கு. உட்கார்ந்துகொண்டு பெரிதாக ஒன்றும் யோசித்ததில்லை. காலை நீட்டி, கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தரம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, யாருக்கும் பங்கு போடாமல் முழுசாகத் தின்றாள். ஒரு தரம் தூங்கியே போனாள். இறங்கி வந்தபோது நாத்தனார் உற்றுப் பார்த்தாள்.

"அண்ணி, கன்னத்துல என்ன கோடு?"

"எல பட்டிருக்கும்."

தரைக்கல்லின் இடுக்கு அவள் கன்னத்தில் நேர்க்கோடாகப் பதிந்திருந்தது. தையல்காரியாயிற்றே, கோடும் நேராகத்தான் விழுந்திருந்தது.

எதிர்க் கட்டட வேலை ஒரு மழைக்காலம் முழுக்க நின்றுபோனது. இலைகள் அழுக்காகவே இல்லை. துணியை ஓட்டினால் துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. இப்படியே போனால் மேலே வர என்ன சாக்கு? அன்றைக்குக் கிளம்பும்போது சன்னல் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டுப் போனாள். தெருத் தூசி வரட்டும் என்று. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் சனிக்கிழமை வந்து பார்த்தபோது இலைகளின்மேல் மெல்லிசாக ஒரு படலம் இருந்தது. அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததைச் செடி மட்டும்தான் பார்த்தது.

ஃபோன் வந்தது ஒரு திங்கட்கிழமை. கையில் தலையணை உறை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? வீட்ட வித்துட்டேன்க்கா. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி அவங்க வந்துருவாங்க. கட்டிலு நாற்காலியெல்லாம் அவங்களே எடுத்துக்கறாங்க. சாவிய மட்டும் குடுத்துருங்க."

மெஷின் நின்றது. "அப்ப செடி, தம்பி?"

"எந்தச் செடி?"

"ரப்பர் செடி."

"ஓ, அதுவா!" அவன் சிரித்தான். "அது இன்னும் உயிரோட இருக்கா? ஆறே மாசத்துல செத்திருக்கும்னுல்ல நெனச்சேன்! அது என்னோடது கூட இல்லக்கா. எனக்கு முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது. வாசல் வழியா வெளிய வரல, அதான். நீங்களே எடுத்துக்குங்க. எப்படியாவது எடுத்துக்குங்க."

அவள் பதில் சொல்வதற்குள் கூடம் சொல்லிவிட்டது. "செடி நம்மளுக்கா!" என்று சின்னவள் குதித்தாள். "பாத்தியா, ஒழப்புக்குப் பலன் வந்துருச்சு" என்றார் மாமனார், இருமலுக்கு நடுவில். நாத்தனார் கைதட்டினாள். சாயங்காலம் கணவன் வந்ததும் அவனிடம் நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் கருவிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் யோசித்தான். பாரம் தூக்குகிற விஷயம் என்றால் அவன் முகம் தானாகக் களை கட்டும்.

"ஞாயித்துக்கெழம எறக்கிருவோம்" என்றான். "நம்ம பசங்க ரெண்டு பேரக் கூட்டிட்டு வரேன். மோட்டாரையே தூக்குறோம், செடி என்ன?"

"இல்ல..." என்று ஆரம்பித்தாள். "அது அங்கயே இருந்தா..."

"அங்க யாரு பாத்துப்பா? வர்றவங்க வெட்டிக் குப்பையில போட்டுருவாங்க." அவன் குரல் இறங்கியது. "இத்தன வருஷத்துல நீ இது வேணும்னு ஒண்ணு கேட்டதில்ல. இதக்கூடச் செய்யலன்னா எப்படி?"

இதற்குமேல் எந்த வாயால் வேண்டாம் என்பது? உறையை எடுத்து மடிப்பைப் பிரித்து மறுபடி தைத்தாள். அதில் கோணல் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை கடைசியாக மேலே போனாள். குவளையும் துணியும் கொண்டுபோனாள், ஆனால் துடைக்கவில்லை. இலைகளில் தூசி இருந்தது. இருக்கட்டும் என்று சுவரோரம் உட்கார்ந்தாள். எதிரே கம்பி வளைக்கிற சத்தம். வெயில் சன்னலில் இருந்து கட்டில் கால்வரை வந்து, அங்கிருந்து செடியின் தொட்டிவரை நகர்ந்தது. நேரம் போகப் போக அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வீடு விற்றவன்மேலா? அவனுக்கு வேண்டாம், விற்றான். வீட்டில் இருப்பவர்கள்மேலா? அவர்கள் அவளுக்கென்று ஒன்று செய்யக் கிளம்பியிருக்கிறார்கள். கடைசியில் செடிமேலேயே கோபப்பட்டாள். வாயைத் திறந்து அதைத் திட்டவும் செய்தாள். அந்த அறையில் அவள் உரக்கப் பேசியது அன்று ஒரு நாள்தான்.

ஞாயிறு காலை கணவனும் அவனோடு வேலை செய்கிற இரண்டு பையன்களும் பெல்ட், கயிறு, பலகை, டேப் எல்லாவற்றோடும் ஏறினார்கள். இலைகளை மேல்நோக்கிக் கூட்டிப் பழைய படுக்கை விரிப்பால் கட்டினார்கள். தொட்டியைப் படுக்கவைத்து, வாசலுக்குக் குறுக்காகச் சாய்த்து, தலையை முதலில் வெளியே விட்டு, பிறகு உடம்பை. இருபது வருடம் குறுகிய இடங்களில் இரும்பை நுழைத்துப் பழகிய கை. நிலையில் உரசாமல் செடி வெளியே வந்தது. கட்டடமே கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு இலை கைப்பிடியில் மாட்டி ஒடிந்தது. படக்கென்று ஒரு சத்தம். வெள்ளையாகப் பால் சொட்டியது.

"நிறுத்துங்க" என்றாள் அவள், மேல்படியிலிருந்து.

நிறுத்தினார்கள்.

"எனக்குச் செடி வேணாம்."

கணவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். நெற்றியில் வேர்வை. "என்னது?"

"வேணாங்க."

"ரெண்டு வருஷமா பெத்த பிள்ளையத் தொடைக்கற மாதிரி தொடச்சிட்டு இப்ப பாதி மாடியில வேணாங்கறே? பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

கேள்வி நல்ல கேள்வி. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு காலி அறை, கதவு, தரை, முக்கால் மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற மாடிப்படியில் அதை எப்படிச் சொல்வது? பெண்டாட்டிக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றல்லவா பொருள்படும்?

"அண்ணி, சீக்கிரம் சொல்லுங்க" என்று முனகினான் அடியில் பாரம் தாங்கிய பையன். "மேலயா கீழயா? கை விட்டுப் போவுது."

"ஒண்ணுமில்ல" என்றாள். "எறக்குங்க."

வீட்டில் அதற்கு இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மெஷினுக்கும் சன்னலுக்கும் நடுவில் இரண்டடி. மத்தியானம் அரைமணி அவள் முதுகைச் சாய்க்கிற இடம். தொட்டியை அங்கே வைத்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அதன்பிறகு அவள் செடியைத் துடைக்கவில்லை. தண்ணீர் ஊற்றுவாள், அதோடு சரி. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். உறைத்துணியின் பஞ்சும் தெருத் தூசியும் சேர்ந்து இலைகளில் படிந்தன. சின்னவள் விரலால் ஒரு இலையில் பூனை வரைந்தாள். இன்னொரு இலையில் பூனையின் வீட்டை வரைந்தாள். "என்ன அண்ணி, சொந்தமானதும் மவுசு போயிடுச்சா?" என்றாள் நாத்தனார். இவள் சிரித்து வைத்தாள். முதுகு வலித்தது. மத்தியானங்களில் மெஷின்மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். அப்போதும் யாராவது எதையாவது கேட்பார்கள். தலையை எடுக்காமலே பதில் சொல்வாள்: "ரெண்டாவது தட்டுல, செவப்பு டப்பாவுக்குப் பின்னாடி." சரியாக அங்கேதான் இருக்கும்.

ஒரு சாயங்காலம் வீட்டில் மாமனார் மட்டும் உள்ளறையில் படுத்திருந்தார். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. கணவன் செடியின் பக்கத்தில் நின்று பூனை வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல போயி என்ன பண்ணுவே?" என்றான், திரும்பாமல்.

"தொடைப்பேன்."

"முக்கால் மணி நேரமா?"

"எல நெறையா."

அவன் ஒரு இலையின் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "லிஃப்ட்டுக்கு அடியில ஒரு குழி இருக்கும், தெரியுமில்ல? அதுல எறங்குனா ஃபோன் எடுக்காது" என்றான். "வேல பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும். நான் உடனே ஏற மாட்டேன். கிரீஸ் டப்பா மேல உக்காந்திருப்பேன். மேல கூப்பிடுவாங்க. கேக்காத மாதிரி இருப்பேன்."

அவள் மெஷினை நிறுத்தினாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவன் இதைச் சொன்னதில்லை.

"உங்களுக்குக் குழியாவது இருக்கு" என்றாள்.

சிரிக்கலாமா என்று அவன் அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. உள்ளறையிலிருந்து "ஏம்மா, கொஞ்சம் வெந்நி" என்று குரல் வந்தது. அவள் எழுந்தாள், அவனும் அதே நேரத்தில் நகர்ந்தான். அவன் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே அடுப்பைப் பற்றவைத்தான். எந்தப் பாத்திரம் என்று அங்கிருந்தே அவளிடம் கேட்டான்.

அடுத்த ஞாயிறு காலை. எல்லாரும் வீட்டில். டீவி ஓடிக்கொண்டிருந்தது. செடியக்கா ஸ்டூலை எடுத்துக்கொண்டுவந்து சன்னலோரம் போட்டாள். குவளையில் தண்ணீர் பிடித்தாள். தொட்டியை முதுகு கொடுத்துத் தள்ளிச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினாள். அந்த இடைவெளியில் நுழைந்து, ஸ்டூலில் ஏறி, இலைகளுக்குள் மறைந்தாள். பூனை போனது. பூனை வீடு போனது. குவளைத் தண்ணீர் முதல் அலசலிலேயே கறுத்தது.

"அண்ணி, என் சீப்பு எங்க?"

பதில் இல்லை.

"ஏம்மா, வெந்நி."

இலைகள் அசைந்தன.

"அம்மா! அம்மா, கூப்பிடறாங்க பாரு. அம்மா, என் கணக்கு நோட்டு..."

இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. ஐந்து விரலும் விரித்து, உள்ளங்கையைக் கூடத்துக்குக் காட்டி, நில் என்பதுபோல. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அழுக்குத் தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது. கூடத்தில் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தார்கள். கை இறங்கவில்லை.